வெளியிடும் முன் வேறுபாட்டைக் காட்டு: நிலையான தளத்துக்காக எழுதிய ஒரு கட்டளைவரிக் கருவியின் நிகழ்வு ஆய்வு

சில நூறு பக்கங்கள் கொண்ட ஒரு கட்டுரைத் தளத்தை நானும் உடன் பணியாற்றும் ஒருவரும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். கட்டுரைகள் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்புகளாக, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் இருக்கின்றன. அவற்றை எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிச் சர்வருக்கு அனுப்பினால் வெளியீடு முடிந்தது. டேட்டாபேஸ் கிடையாது, சர்வரில் ஓடும் நிரல் கிடையாது, கோப்புகள் மட்டுமே. இந்த எளிமைக்காகத்தான் நிலையான தளம் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தோம். அதே எளிமையை நம்பி, வெளியீட்டை ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டிடம், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகளைக் கொண்ட ஒரு கோப்பிடம், ஒப்படைத்திருந்தோம். அந்த ஸ்கிரிப்ட் ஒரு நாள் தளம் முழுவதையும் அழித்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் எழுதிய கட்டளைவரிக் கருவி எப்படி உருப்பெற்றது, எங்கே தவறான முடிவெடுத்தோம், அவற்றை எவ்வாறு திருத்தினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மார்க்டவுனை எச்டிஎம்எல் ஆக்குவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கான நூலகங்கள் எல்லா நிரல்மொழிகளிலும் தேர்ந்த நிலையில் கிடைக்கின்றன. சர்வரில் இப்போது என்ன இருக்கிறது, கட்டளை ஓடி முடிந்தபின் என்ன இருக்கும், இரண்டுக்கும் இடையே எவை மாறும் என்பதைக் கட்டளை ஓடுவதற்கு முன்பே ஒருவர் படித்து விளங்கிக்கொள்ளும்படி காட்ட முடியுமா என்பதுதான் எங்களை மாதக்கணக்கில் உழைக்க வைத்த கேள்வி. கருவியின் ஒவ்வொரு பகுதியும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது.

தளம் அழிந்த விதம்

பழைய ஸ்கிரிப்டில் மூன்றே படிகள் இருந்தன. வெளியீட்டுக் கோப்புறையைக் காலி செய்வது முதல் படி. தள உருவாக்கியை ஓட்டி அந்தக் கோப்புறையை நிரப்புவது இரண்டாவது. கோப்புறைகளை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலை, சர்வரில் மிகுதியாக உள்ள கோப்புகளை நீக்கும் விருப்பத்துடன் ஓட்டுவது மூன்றாவது. அன்று வார்ப்புரு (பக்கங்களின் பொது அச்சு) ஒன்றில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்ததால், கோப்புறை காலியான பிறகு உருவாக்கி பிழை காட்டி நின்றுவிட்டது. ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குச் செல்வதே ஷெல்லின் இயல்பு. ஆகவே ஆர்சிங்க் ஓடியது. காலியான கோப்புறையைச் சர்வரோடு ஒப்பிட்டது. சர்வரில் இருந்த அனைத்தும் மிகுதி என்று கண்டு நீக்கியது. இட்ட கட்டளையை அது சரியாகவே நிறைவேற்றியது.

பிழை வந்தால் உடனே நில் என்று ஷெல்லுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்திருந்தால் அன்றைய இழப்பைத் தவிர்த்திருக்கலாம். அந்த வரியை அன்றே சேர்த்தோம். ஆனால் அது போதாது என்பது சற்று யோசித்தபோது தெரிந்தது. உருவாக்கி தவறான கோப்புறையைப் படித்து, மூன்றே பக்கங்களை உருவாக்கிவிட்டு, வெற்றி என்று 0 என்னும் வெளியேற்றக் குறியீட்டைத் தந்தால் அந்த வரி எதையும் தடுக்காது. நிரல் ஓடி முடிந்ததா என்பதை மட்டுமே வெளியேற்றக் குறியீடு சொல்லும். கிடைத்த விளைவு அறிவுக்கு ஒத்ததா என்பதைச் சொல்லாது.

மீட்டெடுத்ததிலும் ஒரு பாடம் கிடைத்தது. மூலக் கோப்புகள் அனைத்தும் கிட்டில் பத்திரமாக இருந்ததால், வேறொரு கணினியில் களஞ்சியத்தைப் புதிதாக இறக்கி, தளத்தை மீண்டும் உருவாக்கி, விரைவிலேயே ஏற்றிவிட்டோம். மறுநாள் வாசகர்களிடமிருந்து விசாரிப்புகள் வந்தன. பல ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரைகள் எல்லாம் தளங்களின் புதிய பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் அவர்களுடைய ஃபீட் ரீடர்களில் இன்று திருத்தப்பட்டவையாக மேலெழுந்திருந்தன. கோப்புகளின் திருத்த நேரத்தைக் கிட் சேமிப்பதில்லை. களஞ்சியத்தை இறக்கும்போது ஒவ்வொரு கோப்பும் அந்தக் கணத்தின் நேரத்தையே பெறுகிறது. எங்கள் ஃபீட் வார்ப்புருவோ, ஆட்டம் என்னும் வடிவ ஃபீடில் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டாயமான திருத்தத் தேதியைக் கோப்பின் நேரத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. கோப்பின் நேரம் என்பது கணினியின் நினைவு. கட்டுரையின் வரலாறு அன்று. வெளியான தேதி, திருத்திய தேதி ஆகிய இரண்டையும் கட்டுரையின் தலைப்பகுதியில் எழுதியே ஆக வேண்டும் என்றும், அவை இல்லாவிட்டால் தளம் உருவாகாது என்றும் அன்று வகுத்த விதி இன்றுவரை மாறவில்லை.

புதிதாக எழுதுவதா என்ற கேள்வி

2008இல் வந்த ஜெக்கிலும் 2013இல் வந்த ஹ்யூகோவும் நிலையான தளங்களை உருவாக்குவதில் நன்கு பண்பட்டவை. சில உருவாக்கிகளில் மேகச் சேமிப்புக்கு அனுப்பும் கட்டளையும் உண்டு. எங்கள் சர்வரோ எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியே அணுகும் சாதாரண லினக்ஸ் சர்வர். எனவே இருந்த உருவாக்கியை அப்படியே வைத்துக்கொண்டு, அனுப்பும் பகுதியை மட்டும் எழுதுவது என்றுதான் தொடங்கினோம். இந்தப் பாதையே உங்களுக்குப் போதுமானதாக இருந்தால் அதில் நின்றுவிடுங்கள் என்று மனமாரச் சொல்வேன். முகவரிகள் உருவாகும் விதத்திலும் பக்கங்களின் பைட்டுகள் மாறாமலிருப்பதிலும் எங்களுக்குத் தேவைப்பட்ட கட்டுப்பாடு உருவாக்கியின் உள்ளேயே கை வைத்தால்தான் கிடைக்கும் என்பது தெரிந்த பிறகே முழுக் கருவியையும் எழுத முடிவு செய்தோம்.

பைத்தான் மொழியைத் தேர்ந்தெடுத்தோம். 3.11ஆம் பதிப்பு முதல் டாம்ல் வடிவ அமைப்புக் கோப்பைப் படிக்கும் வசதி அதன் அடிப்படை நூலகத்திலேயே இருக்கிறது. கட்டளைவரி அளவுருக்கள், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) கணக்கீடு, யூனிகோட் சீராக்கம் ஆகியவையும் அதிலேயே உண்டு. வெளியிலிருந்து எடுத்தவை இரண்டு நூலகங்கள் மட்டுமே: மார்க்டவுன் மாற்றி ஒன்று, வார்ப்புருக்களுக்கு ஜின்ஜா. பத்தாண்டு கழித்தும் ஓட வேண்டிய கருவியில், சார்ந்திருக்கும் ஒவ்வொரு நூலகமும் பின்னாளில் தீர்க்க வேண்டிய கடனாகும்.

கருவியில் நான்கு கட்டளைகள் உள்ளன. தட்டச்சு செய்ய வசதியாக அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே வைத்திருக்கிறோம். இங்கே அவற்றைக் கட்டு, திட்டம், வெளியிடு, திரும்பு என்று பொருளால் குறிப்பிடுகிறேன்.

ஒரே உள்ளீட்டுக்கு ஒரே பைட்டுகள்

சர்வரில் உள்ளதற்கும் கையில் உள்ளதற்கும் வேறுபாடு காண வேண்டுமென்றால், எதையும் மாற்றாமல் இரண்டு முறை கட்டினால் இரண்டு முறையும் ஒரே பைட்டுகள் வர வேண்டும். முதல் சோதனையிலேயே இதில் தோற்றோம். ஒரே மூலத்திலிருந்து அடுத்தடுத்து இரு முறை கட்டி ஒப்பிட்டபோது எல்லாப் பக்கங்களும் வேறுபட்டன.

ஒரு காரணம் வெளிப்படையானது: பக்கத்தின் அடியில் உருவாக்கிய நேரத்தை அச்சிட்டிருந்தோம். அதை எடுத்த பிறகும், குறிச்சொற்கள் உள்ள பக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன. குறிச்சொற்களைப் பைத்தானின் செட் என்னும் வரிசையற்ற தொகுதியில் வைத்திருந்தோம், 3.3ஆம் பதிப்பு முதல் சரங்களின் ஹாஷ் மதிப்பு, பாதுகாப்புக் கருதி, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் தற்போக்காக மாற்றப்படுகிறது. ஆகவே செட்டில் உள்ளவை வரும் வரிசையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். கோப்புறையில் உள்ள கோப்புகளைக் கேட்டாலும் இயங்குதளம் எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரலாம். ஒரு கணினியில் அகரவரிசையில் வருவதைப் பார்த்து எல்லாக் கணினியிலும் அப்படியே வரும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கெல்லாம் ஒரு தொகுதியைச் சுற்றிவருகிறோமோ அங்கெல்லாம் வெளிப்படையாக வரிசைப்படுத்த வேண்டும் என்ற ஒரே விதியால் இது தீர்ந்தது.

மாறிய பக்கங்களை மட்டும் கட்டினால் வேகமாகுமே என்ற யோசனை இங்கேதான் எழுந்தது. 1976இல் பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்ட மேக் (make) என்னும் கட்டும் நிரல் தொட்டு இந்த வழக்கம் உள்ளது. அது கோப்பின் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யும். ஆனால் நேரத்தை நம்பியதன் விளைவை ஃபீடில் ஏற்கெனவே அனுபவித்துவிட்டோம். தவிர, ஒரு கட்டுரையின் தலைப்பு மாறினால் அதைச் சுட்டும் மற்ற பக்கங்களும் மாறும். அந்தச் சார்புகளையெல்லாம் பிழையின்றிப் பின்தொடர்வது கருவியின் மற்ற பகுதிகள் அனைத்தையும்விடக் கடினமான வேலை. சில நூறு பக்கங்களுக்கு ஒவ்வொரு முறையும் முழுவதையும் கட்டுவதே சரி என்று முடிவு செய்தோம். படங்களைச் சிறிதாக்கும் வேலை மட்டுமே உண்மையில் நேரம் எடுத்தது. அதன் விளைவை மட்டும், மூலப் படத்தின் ஹாஷைப் பெயராகக் கொண்டு, சேமித்து வைத்துக்கொள்கிறோம்.

பட்டியலும் திட்டமும்

கட்டு என்ற கட்டளை முடிந்ததும் கருவி ஒரு பட்டியல் கோப்பை எழுதுகிறது. வெளியீட்டுக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பாதை, பைட் அளவு, உள்ளடக்கத்தின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் ஆகியவை அதில் ஒரு வரியாக இருக்கும். கடைசியாக வெளியிட்டதன் பட்டியல் சர்வரில், வாசகர் அணுக முடியாத ஓரிடத்தில் இருக்கிறது. திட்டம் என்ற கட்டளை இரண்டையும் ஒப்பிட்டு, புதியவை, மாறியவை, நீங்குபவை என்று மூன்று பிரிவாக அச்சிடுகிறது.

இந்தத் திட்டத்தை முதன்முதலாகப் பார்த்த நாளை என்னால் மறக்க முடியாது. ஒரே ஒரு புதிய கட்டுரையைச் சேர்த்துவிட்டுக் கட்டளையை ஓட்டினோம். புதியது ஒன்று, மாறியவை தளத்தின் எல்லாப் பக்கங்களும் என்று வந்தது. பிழை என்று நினைத்துத் தேடினோம். கருவி சொன்னது உண்மைதான். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அண்மைக் கட்டுரைகள் என்ற பட்டியல் இருந்தது. ஒரு கட்டுரை சேர்ந்தால் அது எல்லாப் பக்கத்திலும் மாறும். பல ஆண்டுகளாக ஒவ்வொரு வெளியீட்டிலும் தளம் முழுவதையும் மாற்றிக்கொண்டிருந்தோம், அது எங்களுக்கே தெரியாது. அந்த ஓரப்பட்டியலை முகப்புப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். அடிக்குறிப்பில் இருந்த நடப்பு ஆண்டையும் எடுத்துவிட்டோம். இப்போது ஒரு கட்டுரையைச் சேர்த்தால் திட்டத்தில் ஆறே வரிகள் வரும்: புதிய கட்டுரை, முகப்பு, தொகுப்புப் பக்கம், ஃபீட், தள வரைபடம், அடுத்தது என்னும் இணைப்பைப் பெறும் முந்தைய கட்டுரை. ஏழாவதாக ஒரு வரி வந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. நூற்றுக்கணக்கான வரிகள் வந்த காலத்தில் அப்படிக் கேட்க வழியே இல்லை.

திட்டத்தின் கடைசி வரியில் எட்டு இலக்க அடையாளம் ஒன்று வரும். கையில் உள்ள பட்டியலையும் சர்வரின் பட்டியலையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹாஷின் முதல் எட்டு இலக்கங்கள் அவை. வெளியிடு என்ற கட்டளைக்கு இந்த அடையாளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். திட்டத்தைப் பார்த்ததற்கும் வெளியிடுவதற்கும் இடையில் ஒரு கோப்பு திருத்தப்பட்டாலோ, மற்றவர் எதையேனும் வெளியிட்டிருந்தாலோ அடையாளம் பொருந்தாது, கருவி மறுத்துவிடும். கண்ணால் கண்டது எதுவோ அதுவே நடக்கும்.

நீக்கத்துக்குத் தனிக் காவல் வைத்தோம். முகப்புப் பக்கம் இல்லாத வெளியீட்டைக் கருவி எந்த நிலையிலும் ஏற்காது. சர்வரில் உள்ள கோப்புகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீங்குவதாக இருந்தால், எத்தனை கோப்புகள் நீங்கும் என்ற எண்ணைத் தட்டச்சு செய்யும்படி கேட்கும். ஆம் என்று மட்டும் சொல்லும்படி முதலில் வைத்திருந்தோம். இரண்டே வாரத்தில் விரல்கள் பார்க்காமலே ஆம் என்று அழுத்தப் பழகிவிட்டன. எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டுமானால் அந்த வரியைப் படித்தாக வேண்டும்.

ஓர் ஆண்டு எண்ணின் திருத்தம்

கருவி ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, ஒரு கட்டுரையில் 2013 என்று இருக்க வேண்டியது 2014 என்று இருந்ததைத் திருத்தினேன். திட்டம் சரியாகக் காட்டியது: மாறியது ஒன்று. வெளியிட்டேன், வெற்றி என்று வந்தது. உலாவியில் பார்த்தால் 2014 அப்படியே இருந்தது. உலாவி தேக்கி வைத்த பழைய நகல் என்று எண்ணி மறுநாள் பார்த்தேன். அப்போதும் அப்படியே இருந்தது.

காரணம் நாங்களே செய்த ஒரு மேம்பாடு. ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களையும் கட்டுவதால் எல்லாக் கோப்புகளின் நேரமும் புதிதாகிவிடுகிறது. அதனால் ஆர்சிங்க் எல்லாவற்றையும் மாறியதாகக் கருதியது. இதைத் தவிர்க்க, கட்டி முடித்ததும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நிலையான நேரத்தை இட்டுவந்தோம். ஆர்சிங்க் இயல்பாகக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. அளவும் நேரமும் பொருந்தினால் மாறவில்லை என்று கடந்துவிடும். ஓர் இலக்கம் மாறியது. பைட் அளவு மாறவில்லை. நேரத்தை நாங்களே மாறாததாக்கிவிட்டோம். கோப்பு சர்வருக்குப் போகவே இல்லை.

உள்ளடக்கத்தை ஒப்பிடும் விருப்பத்தைச் சேர்த்தால் தீர்ந்தது என்று முதலில் நினைத்தோம். கோப்பு போய்ச் சேர்ந்தது. சில வாசகர்களுக்கு மட்டும் பழைய பக்கமே தெரிந்தது. எங்கள் இணையச் சர்வர் என்ஜின்எக்ஸ். பக்கத்தின் பதிப்பை உலாவிக்குச் சொல்ல அது தரும் ஈடேக் அடையாளம் கோப்பின் நேரத்தையும் அளவையும் கொண்டே உருவாகிறது. இரண்டும் மாறாததால், பக்கம் மாறியதா என்று உலாவி கேட்டபோது 304, அதாவது மாறவில்லை, என்றே பதில் போனது. ஒரே தவறான முடிவு இரண்டு இடங்களில், இரண்டு வேறு முகங்களோடு வெளிப்பட்டது.

சரியான தீர்வைப் பட்டியல் கோப்புதான் தந்தது. அதில் ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் சேர்த்து எழுதினோம். கட்டும்போது ஒரு கோப்பின் ஹாஷ் முந்தைய பட்டியலில் உள்ளதோடு பொருந்தினால் பழைய நேரத்தையே அதற்கு இடுகிறோம். பொருந்தாவிட்டால் தற்போதைய நேரத்தை இடுகிறோம். உள்ளடக்கம் மாறினால் மட்டுமே நேரம் மாறும், மாறினால் கட்டாயம் மாறும். நேரத்தை நம்பும் நிரல்கள் அனைத்தும், ஆர்சிங்கும் சர்வரும் உலாவியும், இதன் பிறகு சரியாக நடந்துகொண்டன. இத்துடன், வெளியீடு முடிந்ததும் சர்வரிலேயே எல்லாக் கோப்புகளின் ஹாஷையும் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வெற்றி என்று அச்சிடும்படி கருவியை மாற்றினோம். அனுப்பிய நிரல் வெற்றி என்று சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் முதல் பேரிழப்பிலும் நாங்கள் செய்த தவறு.

தமிழ்ப் பெயர்கள்

தமிழில் எழுதும் தளத்துக்குக் கருவி எழுதுபவர் யாரும் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும் வழக்கமான வழி, எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் நீக்கிவிடுவது. பைத்தானின் வடிவத் தேடலில் எழுத்து என்று பொருந்துவதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை. எங்கள் முதல் பதிப்பு கட்டுரை என்ற சொல்லைக் கடடர என்று ஆக்கியது. குறிகளையும் எழுத்தோடு சேர்த்துக்கொள்ளும்படி யூனிகோட் வகைப்பாட்டைப் பார்த்து எழுதினால் இது தீரும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பொருளடக்கம் என்ற பெயரில் ஒரே கோப்புறையில் இரண்டு கோப்புகள் வந்து நின்றன. இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றுக்குப் போகும் இணைப்பு மற்றொன்றைத் திறக்கவில்லை. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் பொ என்னும் எழுத்து முதல் வகையில் 6 பைட், இரண்டாம் வகையில் 9 பைட். ஆப்பிளின் பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் உருவான ஜிப் தொகுப்பிலிருந்து அந்த இரண்டாவது கோப்பு வந்திருந்தது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறானால் கோப்பும் வேறு. இப்போது உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் இணைப்பையும் குறிச்சொல்லையும் என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவுக்குச் சீராக்கிய பிறகே கருவி தொடுகிறது. சீராக்கியதும் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால், இரு பாதைகளையும் காட்டிக் கட்டுவதை நிறுத்திவிடுகிறது.

நீளமும் ஒரு வரம்பு. கோப்புப் பெயருக்கு லினக்ஸில் பொதுவாக 255 பைட் வரை இடமுண்டு; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது அதன் ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு இலக்கங்களுமாக விரியும். கட்டுரை என்ற ஒரே சொல் 63 குறிகளாகும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும் வழக்கத்தையே கைவிட்டோம். முகவரியைக் கட்டுரையின் தலைப்பகுதியில் எழுதுபவரே இடுகிறார். தமிழில் இடலாம், குறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு முறை வெளியான முகவரி சர்வரின் பட்டியலில் இருப்பதால், அது பின்னர் காணாமல் போனால் கருவிக்குத் தெரியும். பழைய முகவரிக்கு ரீடைரக்ட் (புதிய முகவரிக்குத் திருப்பும் விதி) எழுதப்படாதவரை திட்டம் அதைப் பிழையாகவே காட்டும். தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்; பிறர் குறித்துவைத்த முகவரியை உடைக்கும் உரிமை நமக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

திட்டத்தை அச்சிடும்போதும் தமிழ் ஒரு பாடம் சொல்லித் தந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினல் ஒவ்வொரு வரியையும் சம அகலக் கட்டங்களாகப் பிரிக்கும். தமிழ் எழுத்துகள் அந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. எத்தனை கட்டம் என்பதில் ஒரு டெர்மினலுக்கும் மற்றொன்றுக்கும் ஒற்றுமையும் இல்லை. நிலை, தலைப்பு, அளவு என்று நெடுவரிசைகளாக அடுக்கிய எங்கள் முதல் அச்சு கோணலாக வந்தது. அகலத்தைக் கணக்கிடப் பல நாள் முயன்று தோற்ற பிறகு, குறியும் அளவும் முன்னே, தமிழ்த் தலைப்பு வரியின் கடைசியில் என்று மாற்றிவைத்தோம். தமிழுக்குப் பின்னால் எதுவும் இல்லாததால் எந்த டெர்மினலிலும் கோணல் தெரிவதில்லை.

மாறும் கணம்

கோப்புகளை ஒவ்வொன்றாகச் சர்வரில் மாற்றும்போது, பாதி பழையதும் பாதி புதியதுமான தளம் சில நொடிகளாவது வாசகர் முன் நிற்கும். முகப்பில் புதிய கட்டுரையின் இணைப்பு வந்திருக்கும், கட்டுரை வந்திருக்காது. இணைப்பு நடுவே அறுந்தால் அந்த நிலை நீடிக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு வெளியீடும் சர்வரில் ஒரு புதிய கோப்புறையாகப் போகிறது. மாறாத கோப்புகளை மீண்டும் அனுப்பாமல், முந்தைய வெளியீட்டில் உள்ளவற்றோடு ஹார்டு லிங்க் செய்யும் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர் இடும்) வசதி ஆர்சிங்கில் உண்டு. நேரத்தைச் சரிசெய்துவிட்டதால் அது நன்றாக வேலை செய்கிறது. ஹாஷ்களைச் சரிபார்த்த பிறகு, நடப்பு என்ற சிம்லிங்க் (வேறொரு கோப்புறையைச் சுட்டும் பெயர்) புதிய கோப்புறையைச் சுட்டுமாறு மாற்றப்படுகிறது. பழைய சிம்லிங்கை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால் இடையில் தளமே இல்லாத ஒரு கணம் வரும். ஆகவே வேறு பெயரில் புதிய சிம்லிங்கை உருவாக்கி, அதைப் பழையதன் பெயருக்கு மாற்றுகிறோம். பெயர் மாற்றத்தை, லினக்ஸ் போன்ற, போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றும் இயங்குதளங்கள் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்கின்றன. கடைசி ஐந்து வெளியீடுகள் சர்வரிலேயே இருப்பதால், திரும்பு என்ற கட்டளைக்கு அதே சிம்லிங்கை முந்தைய கோப்புறைக்குத் திருப்புவது மட்டுமே வேலை.

இப்படி மாற்றியதால் ஒரு புதிய கோளாறு முளைத்தது. வடிவமைப்புக் கோப்புகளின் பெயரில் அவற்றின் ஹாஷைச் சேர்த்து, ஓராண்டு, அதாவது 31536000 நொடிகள், உலாவி தேக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தோம். மாற்றத்துக்கு ஒரு நொடி முன்பு பழைய பக்கத்தைப் பெற்ற வாசகரின் உலாவி, மாற்றத்துக்குப் பின் பழைய பெயருள்ள வடிவமைப்புக் கோப்பைக் கேட்கும். புதிய கோப்புறையில் அது இருக்காது. பக்கம் அலங்கோலமாக வந்ததாக ஒருவர் படம் பிடித்து அனுப்பியபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. பெயரில் ஹாஷ் உள்ள கோப்புகளை வெளியீட்டுக் கோப்புறைகளுக்கு வெளியே ஒரு பொது இடத்தில் வைத்து, வெளியீட்டின்போது அவற்றைச் சேர்க்க மட்டுமே செய்கிறோம், நீக்குவதில்லை. சர்வரில் உள்ள ஐந்து வெளியீடுகளில் எதுவும் குறிப்பிடாதவற்றை மட்டும் நீக்கும் துப்புரவை எப்போதாவது கையால் ஓட்டுகிறோம்.

இருவரும் ஒரே நேரத்தில் வெளியிடுவதைத் தடுக்கச் சர்வரில் ஒரு பூட்டு இருக்கிறது. கோப்புறை உருவாக்கும் செயல், ஏற்கெனவே அது இருந்தால் தோற்றுவிடும் என்பதால், வெறும் கோப்புறையே பூட்டாகப் பயன்படுகிறது. இணைப்பு அறுந்து கருவி நின்றுவிட்டால் பூட்டு அப்படியே தங்கிவிடும். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் தானாக உடைத்துவிடலாமா என்று விவாதித்தோம். மெதுவான இணைப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வெளியீட்டையும் அது உடைத்துவிடும் என்பதால் வேண்டாம் என்று முடிவாயிற்று. யார், எந்தக் கணினியிலிருந்து, எப்போது பூட்டினார் என்பதைக் கருவி காட்டுகிறது; திறப்பதை மனிதரிடம் விட்டுவிட்டோம்.

அண்மையில் உடன் பணியாற்றுபவர் பழைய தொடர் ஒன்றின் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, பழைய கோப்புகளை நீக்கி, திட்டத்தை ஓட்டினார். பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதால் காவல் விழித்துக்கொண்டது. அதற்கும் முன்பாக, ரீடைரக்ட் எழுதப்படாத இரண்டு முகவரிகளைத் திட்டம் சுட்டிக்காட்டியது. இரண்டையும் எழுதிவிட்டு மீண்டும் கட்டினார். எண்ணைத் தட்டச்சு செய்தார், சிம்லிங்க் மாறியது. வழக்கம்போல உடனே திட்டத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். புதியது 0, மாறியது 0, நீங்குவது 0 என்று வந்தது.